சேர்த்து வைத்த ஆயிரக்கணக்கான லிங்குகளை போர்டு செயலியில் அடுக்குவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. லிங்குகளைச் சேர்த்து வைக்கிற பாக்கெட் சேவை மூடப்படும் முன் இறக்கி வைத்த சிஎஸ்வி கோப்பில் (அட்டவணையாகத் திறக்கிற உரைக் கோப்பு) சுமார் 1,900 லிங்குகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்டவையும் ஃபேஸ்புக்கில் சேவ் செய்தவையும் தனி. இன்னும் சில மாதங்களில் வீடு கட்டத் தொடங்குகிறீர்கள். எல்லாவற்றையும் ட்ரெல்லோ (நெடுவரிசைகளில் கார்டுகளை அடுக்குகிற செயலி) மாதிரி படத்தோடு தெரிகிற ஒரு போர்டில் ஏற்றிவிடலாமா, எந்தச் செயலி நல்லது, எத்தனை போர்டு போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: பிளம்பர் வந்து நின்று கேட்கிற நேரத்தில், எப்போதோ பார்த்து வைத்த அந்த ஒரு லிங்க் கைக்கு வருமா? அதற்குத்தான் முதலில் பதில் வேண்டும். ஆவணங்களை வகைப்படுத்துகிற வேலையில் இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கட்டுமானம் பற்றிக் கீழே வருகிற உதாரணங்களை உங்கள் இன்ஜினியரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1,900 லிங்குகளையும் போர்டில் ஏற்றாதீர்கள். போர்டு என்பது கண்ணால் தேடுகிற இடம். ஒரு திரையில், அதிகம் போனால் இரண்டு மூன்று தடவை நகர்த்தினால், முழுவதும் கண்ணில் பட வேண்டும். அதற்கு மேல் போனால் நீங்கள் பார்ப்பதை விட்டுவிட்டுத் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யத் தொடங்குவீர்கள். அந்த நிலை வந்த பிறகு படம், நிறம், நெடுவரிசை எதற்கும் பயன் இல்லை. சாதாரணப் பட்டியலே அதைவிட வேகமாகத் தேடிக் கொடுக்கும். ட்ரெல்லோவின் நெடுவரிசை அமைப்பே 1950களில் ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் உருவான, கார்டுகளை வைத்து வேலையைக் கண்காணிக்கிற கான்பான் முறையிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட போர்டில் கார்டு இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நகராமல் நிற்கிற கார்டு எங்கோ வேலை தடைபட்டதற்கு அடையாளம். ஆகவே உங்களுக்கு இரண்டு இடங்கள் வேண்டும்: எல்லாம் கிடக்கிற ஒரு கிடங்கு, இப்போது முடிவெடுக்க வேண்டியவை மட்டும் விரித்து வைக்கிற ஒரு மேசை. போர்டு மேசை மட்டுமே. இரண்டையும் ஒரே செயலியில் செய்ய முயல்வதுதான் இப்படிப்பட்ட போர்டுகள் மூன்றாவது வாரத்தில் கைவிடப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது என் கணிப்பு.

கிடங்கிலிருந்து தொடங்குவோம். சிஎஸ்வி கோப்பை கூகுள் ஷீட்ஸில் திறங்கள். பாக்கெட் கொடுத்த கோப்பில் தலைப்பு, முகவரி, சேர்த்த நேரம், டேக், படித்ததா இல்லையா என்று ஐந்து நெடுவரிசைகள் இருக்கும். சேர்த்த நேரம் பத்து இலக்க எண்ணாகத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை, அது 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கை. 86,400ஆல் வகுத்து, 1970 ஜனவரி 1 தேதியோடு கூட்டி, அந்த நெடுவரிசையைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் நாள் தெரிந்துவிடும். இப்போது தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். வீடு கட்டும் எண்ணம் எப்போது வந்ததோ அதற்கு முன்னால் சேர்த்த எதையும் இந்த வேலைக்காகத் திறந்து பார்க்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அப்படியே கிடங்கில் இருக்கட்டும். அந்த ஒரு கோடு போட்டதுமே வேலை பெருமளவு குறைந்துவிடும்.

அடுத்தது இரட்டைகளை நீக்குவது. ஷீட்ஸின் டேட்டா மெனுவில் டேட்டா கிளீனப், அதற்குள் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் இருக்கிறது. ஆனால் முகவரி முழுக்க ஒத்துப்போனால்தான் அது இரட்டை என்று எடுத்துக்கொள்ளும். ஒரே கட்டுரையை ஒரு முறை ஃபேஸ்புக் வழியாகவும் இன்னொரு முறை மின்னஞ்சல் வழியாகவும் திறந்து சேர்த்திருந்தால், முகவரியின் கடைசியில் வேறு வேறு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கிருந்து வந்தீர்கள் என்று கணக்கு வைப்பதற்காகத் தளங்கள் சேர்க்கிற வால் அது. பெரும்பாலும் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும். அதை வெட்டிவிட்டு இரட்டைகளைத் தேடினால் நிறைய விழும். ஒரு எச்சரிக்கை: எல்லா முகவரிகளிலும் கேள்விக்குறியோடு கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது. யூடியூபின் நீண்ட முகவரியில் வீடியோவின் 11 எழுத்து அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெட்டினால் வீடியோ போய்விடும். பல அரசுத் தளங்களும் கடைத் தளங்களும் இப்படித்தான். எனவே யூடியூப் வரிசைகளைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு மற்றவற்றை வெட்டுங்கள். வெட்டியதில் நாலைந்தைத் திறந்து சோதித்துவிட்டு மேலே போங்கள்.

வாட்ஸ்அப்பில் உள்ளவற்றுக்கு அந்த உரையாடலின் பெயரைத் தொட்டால் மீடியா, லிங்க், டாக்ஸ் என்ற பகுதி வரும். அதில் லிங்குகள் மட்டும் தனியாகத் தெரியும். நூற்றுக்கணக்கில் இருந்தால் எக்ஸ்போர்ட் சாட் கொடுத்து உரைக் கோப்பாக எடுத்து, முகவரி உள்ள வரிகளை மட்டும் ஷீட்டில் ஒட்டுவது சுலபம். மறையும் செய்தி வசதி போட்டு வைத்திருந்தால் பழையவை ஏற்கெனவே போயிருக்கும், அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் லிங்குகளைத்தான் நான் அதிகம் நம்புவதில்லை. மூடிய குழுவின் பதிவு என்றால் போர்டில் முன்னோட்டப் படம்கூட வராது. எழுதியவர் பதிவை நீக்கினாலோ உங்களைக் குழுவிலிருந்து எடுத்தாலோ லிங்க் வெறும் எழுத்து. இந்த வகைக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது ஒன்றே வழி.

இனி மேசை. பெரும்பாலோர் நெடுவரிசைகளுக்குச் சமையலறை, குளியலறை, ஹால், படுக்கையறை என்று பெயர் வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது. வீட்டில் முடிவுகள் அறை வாரியாக வருவதில்லை, வேலையின் கட்டம் வாரியாக வருகின்றன. மாடுலர் கிச்சன் கடைசியில்தான் வந்து மாட்டுவார்கள். ஆனால் சிம்னிக் குழாய் வெளியே போகும் துளையையும் ஓவனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் பிளக் பாயின்ட் எங்கே என்பதையும் பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் பூசின சுவரை உடைக்க வேண்டி வரும். எனவே நெடுவரிசைகளுக்கு முடிவெடுக்க வேண்டிய கடைசிக் கட்டத்தின் பெயரை வையுங்கள்: இடது ஓரத்தில் ‘வந்தவை’, அடுத்து ‘சுவர் எழும்பும் முன்’, ‘தளம் போடும் முன்’, ‘பூச்சுக்கு முன்’, ‘தரை வேலைக்கு முன்’, ‘கடைசி வேலைகள்’, வலது ஓரத்தில் ‘முடிவானது’. வாசல் நிலையின் அளவும் ஜன்னல் அளவும் கட்டங்களில் முதலாவதில் வரும். கூரைத் தளத்துக்குள் புதைகிற வயர் பைப், ஃபேன் பாக்ஸ், மாடியில் குளியலறை வருவதானால் அதற்குத் தளத்தைத் தாழ்த்துவது எல்லாம் இரண்டாவதில். சுவருக்குள் போகிற குழாய்கள், ஏசியின் காப்பர் பைப், அதன் தண்ணீர் வெளியேறும் பைப் மூன்றாவதில். அறைகளை லேபிள் நிறங்களாக வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெல்லோவில் விசைப்பலகையில் எஃப் எழுத்தைத் தட்டி, குளியலறை லேபிளைத் தேர்ந்தால் எல்லாக் கட்டங்களிலும் உள்ள குளியலறை விஷயங்கள் மட்டும் நிற்கும். கட்டம், அறை இரண்டு வழியிலும் பார்க்க ஒரே போர்டு போதும். ஒரு வீட்டுக்கு ஒரு போர்டுக்கு மேல் போடாதீர்கள் என்றே சொல்வேன். இரண்டாவது போர்டு வந்தால் எந்த லிங்க் எதில் என்ற குழப்பமும் கூடவே வரும்.

ஒரு கார்டை எடுத்து உள்ளே பார்ப்போம். குளியலறை டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடுகிற வால்வு) பற்றிய ஒரு யூடியூப் வீடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரியை மட்டும் ஒட்டினால் கார்டில் வீடியோக்காரர் வைத்த தலைப்புதான் வரும். பெரும்பாலும் ‘இந்தத் தப்பை மட்டும் பண்ணாதீங்க’ என்கிற ரகம். ஆறு மாதம் கழித்து அது எதைப் பற்றியது என்று தெரியாது. தலைப்பை நீங்களே எழுதுங்கள்: ‘டைவர்ட்டர், சுவருக்குள் வைக்கும் ஆழம்’. விவரத்தின் முதல் வரியில் எதற்காகச் சேர்த்தீர்கள் என்பது: ‘உள்ளே புதைகிற பகுதியும் வெளியே தெரிகிற பகுதியும் ஒரே கம்பெனி, ஒரே மாடலுக்குப் பொருந்த வேண்டும்; டைல்ஸ் கனத்தையும் சேர்த்து ஆழம் பார்க்கணும்.’ இரண்டாவது வரியில் எந்த நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது. மூன்றாவது வரியில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது. லிங்க் அதற்குக் கீழே அட்டாச்மென்டாக. நாளைக்கு அந்த வீடியோ நீக்கப்பட்டாலும் கார்டு பயன்படும், ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய விஷயம் உங்கள் சொந்த வார்த்தையில் அங்கே இருக்கிறது. ஒரு கார்டுக்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்க மனம் வராத லிங்க் கிடங்கிலேயே இருக்கட்டும். எதை மேலே கொண்டுவருவது என்று தேர்வு செய்ய எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சல்லடை இல்லை.

தமிழில் சேர்ப்பவர்களுக்கு மட்டும் வருகிற மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது, தமிழ் எழுத்துள்ள முகவரியை நகலெடுத்தால் அது சதவீதக் குறிகளும் எண்களுமாக மாறிவிடும். முகவரிகளில் பயன்படுகிற யூனிகோடு வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். ‘சென்னை’ என்பதில் கொம்பு, புள்ளி, ஐகாரக் குறி எல்லாம் சேர்த்து ஆறு குறிகள். ஆக முகவரியில் 54 எழுத்துகள். தமிழ் விக்கிப்பீடியா லிங்குகள் அரை பக்கத்துக்கு நீள்வது இதனால்தான். லிங்க் கெடவில்லை, ஆனால் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது. தலைப்பு எழுதியே ஆக வேண்டும். இரண்டாவது, தேடல். இந்தச் செயலிகளின் தேடல் எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும், தமிழ் இலக்கணம் அறியாது. ‘மரத்தில் செய்த கதவு’ என்று எழுதி வைத்துவிட்டு ‘மரம்’ என்று தேடினால் வராது. ‘கதவு, மரம்’ என்று பெயர்ச்சொல்லை வேற்றுமை உருபு ஏறாமல் தலைப்பில் வையுங்கள். டைல்ஸ் என்று ஓரிடத்தில், ஓடு என்று இன்னோரிடத்தில் எழுதாமல் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்கள். அவற்றிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அர்த்தமில்லாத எழுத்துகள் வரும். தேவையான வரியைக் கையால் தட்டச்சு செய்வதே விரைவான வழி.

படம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதிலும் கொஞ்சம் கறாராக இருங்கள். கார்டின் மேல் அட்டைப்படம் வைத்தால் அது உயரத்தைத் தின்னும். லேப்டாப் திரையில் ஒரு நெடுவரிசைக்கு மூன்று நான்கு கார்டுகளுக்கு மேல் தெரியாது. கிரில் டிசைன், டைல்ஸ், கதவு, பெயின்ட் நிறம் போலக் கண்ணால் தேர்வு செய்வதற்கு மட்டும் படம் வையுங்கள். பூச்சுக் கலவை விகிதம் பற்றிய கட்டுரைக்கு அதில் உள்ள சிமென்ட் மூட்டையின் படம் எதையும் சொல்லப்போவதில்லை.

இப்போது எந்தச் செயலி என்பது. முடிவெடுக்கிற வேலைக்கு ட்ரெல்லோவையே பரிந்துரைக்கிறேன். இலவசத் திட்டத்தில் ஒரு வொர்க்ஸ்பேஸுக்கு (போர்டுகளைச் சேர்த்து வைக்கிற இடம்) 10 போர்டுகள், கார்டுகளுக்குக் கட்டணம் இல்லை, இணைக்கும் கோப்பு ஒன்றுக்கு 10 எம்பி. ஃபோனில் எந்தப் பக்கத்திலிருந்தும் ஷேர் பொத்தானைத் தொட்டு ட்ரெல்லோவைத் தேர்ந்தால் எந்த போர்டு, எந்த லிஸ்ட் (நெடுவரிசை) என்று கேட்டுப் போட்டுவிடும். ‘வந்தவை’க்கு அனுப்பிப் பழகுங்கள். பல வரிகளை ஒரே கார்டில் ஒட்டினால் வரிக்கு ஒரு கார்டாகப் பிரிக்கட்டுமா என்று அதுவே கேட்கும், ஷீட்டிலிருந்து கொண்டுவர அது வசதி. மிலாநோட் அழகானது, படங்களை நினைத்த இடத்தில் வைத்து, பக்கத்தில் குறிப்பெழுதி, அம்புக்குறி போடலாம். உள்ளலங்காரம் செய்பவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் இலவசத்தில் குறிப்பு, படம், லிங்க் எல்லாம் சேர்த்து 100தான், உங்கள் தேவைக்கு அது ஒரு மாதம் தாங்காது. பின்டரஸ்ட் யோசனை தேடுவதற்கு நல்லது, முடிவெடுப்பதற்கு அல்ல: உங்கள் படங்களுக்கு நடுவே அது தன் பரிந்துரைகளைக் காட்டிக்கொண்டே இருக்கும். படம் நிற்கும், தொட்டால் போய்ச் சேருகிற கடைப் பக்கம் பல நேரம் இருக்காது. கிடங்குக்கு ரெயின்ட்ராப் என்ற புக்மார்க் செயலி வசதியானது. இலவசத்திலேயே புக்மார்க் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, சிஎஸ்வி கோப்பை ஏற்கும், படங்களாக அடுக்கிப் பார்க்கவும் முடியும். கூகுள் ஷீட்டாகவே விட்டாலும் தவறில்லை. இந்த இலவச வரம்புகளை நிறுவனங்கள் அடிக்கடி மாற்றுவதுண்டு. பதிவு செய்யும் முன் அவர்களுடைய விலைப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

லிங்க் செத்துப்போவது விதிவிலக்கு அல்ல. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் கிடைக்காமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. வீட்டுப் பொருள்களின் கடைப் பக்கங்கள் இன்னும் சீக்கிரம் போய்விடும் என்று தோன்றுகிறது, இதற்கு என்னிடம் எண்ணிக்கை இல்லை. முக்கியமான கட்டுரையை கன்ட்ரோல் பி தட்டி பிடிஎஃப்பாக இறக்கிக் கார்டில் இணையுங்கள். விலை உள்ள பக்கத்துக்குத் தேதி தெரிகிற ஸ்கிரீன்ஷாட். பொதுவாகத் திறந்திருக்கும் பக்கமானால் வலைப்பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ‘சேவ் பேஜ் நவ்’ கொடுத்து, கிடைக்கிற முகவரியையும் விவரத்தில் போடலாம். உள்நுழைந்து பார்க்க வேண்டிய பக்கங்களுக்கு அது உதவாது. போர்டில் உள்ள எல்லாவற்றுக்கும் இதைச் செய்யத் தேவையில்லை, இன்ஜினியரிடம் காட்டப்போகிற பத்துப் பதினைந்துக்குச் செய்தால் போதும்.

வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், ‘வந்தவை’யைக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்துக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் கிடங்குக்கு அனுப்பிவிட்டு ஆர்க்கைவ் செய்யுங்கள். ஆர்க்கைவ் செய்தது தேடினால் கிடைக்கும், டெலீட் செய்தது திரும்பாது. எனவே டெலீட் பக்கமே போக வேண்டாம். ஒரு கட்டத்தில் இருபது கார்டுக்கு மேல் சேர்ந்தால் அங்கே நீங்கள் முடிவெடுக்காமல் சேர்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று பொருள். இருபது என்பது விதி இல்லை, திரையில் அடங்குகிற அளவை வைத்துச் சொல்கிறேன். ஒரே பொருளுக்குப் பத்து லிங்க் இருந்தால் ஒரே கார்டாக்கி, அதற்குள் நல்ல மூன்றை மட்டும் வையுங்கள்.

வீட்டிலுள்ளவர்களை போர்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியும் பிளம்பரும் அதைத் திறந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்களுக்குக் கார்டில் உள்ள படத்தையும் ஒரு வரியையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்; அவர்கள் சொன்ன பதிலைக் கார்டின் கமென்ட்டில் தேதியோடு எழுதுங்கள். போர்டு பிரைவேட்டாக இருக்கிறதா என்று மேலே உள்ள விசிபிலிட்டி பொத்தானில் பாருங்கள். பப்ளிக் என்று வைத்த போர்டுகள் கூகுள் தேடலிலேயே வரக்கூடும். பட்டா, ஆதார், வங்கிக் கடன் தாள்களை எந்த நிலையிலும் இதில் இணைக்க வேண்டாம்.

பாக்கெட்டுக்கு நடந்தது ட்ரெல்லோவுக்கும் நடக்கலாம். 2007இல் ரீட் இட் லேட்டர் என்ற பெயரில் தொடங்கி, 2017இல் மொசில்லா வாங்கி, 2025 ஜூலை 8இல் மூடப்பட்ட சேவை பாக்கெட். ட்ரெல்லோவில் போர்டின் மெனுவில் பிரின்ட், எக்ஸ்போர்ட், ஷேர் என்ற இடத்தில் ஜேசான் என்ற தரவுக் கோப்பாக எடுக்கலாம், இது இலவசம். சிஎஸ்வி வேண்டுமானால் கட்டணத் திட்டம். ஆனால் ஜேசானில் நீங்கள் இணைத்த பிடிஎஃப்பும் படமும் வராது, அவற்றின் முகவரி மட்டுமே வரும்; அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றி போர்டை உயிர்ப்பிக்கவும் ட்ரெல்லோவில் வழி இல்லை. எனவே படங்களையும் பிடிஎஃப்களையும் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, கார்டில் அதன் லிங்கை வைப்பது பாதுகாப்பானது.

பூச்சு வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும், வயரும் குழாயும் தெரிகிற மாதிரி, பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் படம் எடுத்து, ‘முடிவானது’ லிஸ்டில் சுவருக்கு ஒரு கார்டாகச் சேருங்கள். தலைப்பில் அறையின் பெயரும் திசையும் இருக்கட்டும்: ‘குளியலறை, வடக்குச் சுவர்’. பிற்பாடு ஷெல்ஃப் மாட்ட டிரில் போடுகிறவர் குழாய் எங்கே ஓடுகிறது என்று கேட்பார், அப்போது இந்தக் கார்டுதான் வேண்டியிருக்கும். அதனால் இந்தப் படங்களை மட்டும் டிரைவோடு நிறுத்தாமல் ஒரு பென் டிரைவிலும் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.